பேய்ப் படம் எப்போது நிஜமாகவே பயமுறுத்துகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திகில் படங்களைப் பள்ளிக்கூட நாளிலிருந்து விடாமல் பார்த்து வருகிறேன். "நல்ல பேய்ப் படம் ஒன்று சொல்லு" என்று கேட்டுப் போகிறவர்கள் அடுத்த வாரமே வந்து, "பயமாகவே இல்லையே" என்பார்கள், இல்லையென்றால் "ஏன் இதைச் சொன்னாய், தூக்கமே போச்சு" என்பார்கள். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில காட்சிகளைப் பற்றிப் பேசியிருக்கிறேன், எந்தப் படத்தின் முடிவையும் சொல்லவில்லை.

எத்தனையோ பேய்ப் படம் பார்த்துவிட்டேன், எதுவுமே பயமாக இல்லை. கோளாறு என்னிடமா, படத்திடமா?

பெரும்பாலும் படத்திடம்தான். நிறைய படங்கள் பேய் வரும் நேரத்தில் மட்டும்தான் பயமுறுத்தப் பார்க்கின்றன. பேய் இல்லாத நேரத்தில் காமெடியோ காதலோ ஓடிக்கொண்டிருக்கும், நீங்களும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள், அதற்கப்புறம் பயத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நல்ல திகில் படம் அந்த நிம்மதியை ஆரம்பத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளும். ஒருத்தி சமையலறையில் நின்று தண்ணீர் குடிக்கிறாள், அவ்வளவுதான் காட்சி. ஆனால் உங்கள் கண் அவள் முகத்தை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் பாதி திறந்திருக்கும் கதவுக்குப் போகிறது. யாரும் அங்கே பார்க்கச் சொல்லவில்லை. நீங்களாகவே தேட ஆரம்பித்துவிட்டீர்கள். ஒரு திகில் படத்தை நான் எடை போடுவது இதை வைத்துத்தான்: ஒன்றுமே நடக்காத காட்சியில் என் கண் எங்கே இருந்தது?

ஜம்ப் ஸ்கேர் (திடீரென்று எதையாவது காட்டியோ சத்தம் எழுப்பியோ துள்ள வைக்கும் உத்தி) வந்தால் தூக்கிவாரிப் போடுகிறதே, அது பயம் இல்லையா?

அது அதிர்ச்சி. பக்கத்தில் பலூன் வெடித்தாலும் உடம்பு அதையே செய்யும்: கண் இமைக்கும், கழுத்து இறுகும், தோள் தூக்கும். மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் அனிச்சைச் செயல் அது, நீங்கள் யோசிப்பதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால்தான் மிக மோசமான படம்கூட உங்களைத் துள்ள வைக்க முடியும், துள்ளி முடித்த அடுத்த நிமிடமே நீங்கள் சிரிக்கவும் முடியும்.

இந்த வேறுபாட்டை இயக்குநர் ஹிட்ச்காக் ஒரு உதாரணம் சொல்லி விளக்கியிருக்கிறார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று மேசைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குச் சில விநாடி அதிர்ச்சி, அதோடு சரி. அதே குண்டை வைத்ததை முதலிலேயே நமக்குக் காட்டிவிட்டால், அவர்கள் பேசும் சாதாரணப் பேச்சு முழுவதையும் நாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்போம், "போதும் எழுந்திருங்கள்" என்று கத்தத் தோன்றும். எதுவும் வெடிக்காமலேயே பதினைந்து நிமிடம் பதற்றம் கிடைத்துவிடுகிறது.

அப்படியென்றால் ஜம்ப் ஸ்கேர் எல்லாமே மட்டமா?

இல்லவே இல்லை. அதுவரை எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள் என்பதுதான் கணக்கு. 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் ஆளில்லாத தெருவில் இரவில் நடந்து போகிறாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது, அப்புறம் அதுவும் நின்றுவிடுகிறது, அவள் வேகமாக நடக்கிறாள், திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். ஏதோ ஒரு மிருகம் பாயப்போகிறது என்று நாம் தயாராகும் நேரத்தில் சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பேருந்து! அந்தச் சீறலை பிரேக் சத்தமாகவும் கேட்கலாம், சிறுத்தையின் உறுமலாகவும் கேட்கலாம். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இந்த உத்தியையே 'லூட்டன் பஸ்' என்று சொல்கிறார்கள்.

இன்னொன்று, 1990-இல் வந்த 'தி எக்சார்சிஸ்ட் 3'. மருத்துவமனைத் தாழ்வாரம், இரவு, கேமரா தூரத்தில் அசையாமல் நிற்கிறது. ஒரு நர்ஸ் வேலை பார்க்கிறாள், காவலர் வருகிறார், போகிறார். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. அப்புறம் நடப்பது ஒரு நொடிதான், ஆனால் அதுவரை அந்தத் தாழ்வாரத்தின் ஒவ்வொரு கதவையும் நீங்கள் நாலு தடவை பார்த்து முடித்திருப்பீர்கள். ஜம்ப் ஸ்கேருக்கு இலக்கணம் கேட்டால் நான் கைகாட்டுவது இந்தக் காட்சியைத்தான்.

எனக்குக் கோபம் வருவது பூனை குறுக்கே ஓடுவது, நண்பன் தோளில் கை வைப்பது, அதற்கு இடி விழுந்த மாதிரி இசை போடுவது, இவற்றைப் பார்த்தால்தான். ஒருமுறை செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று முறை செய்துவிட்டால் அந்தப் படத்தின் சத்தத்தை நாம் நம்புவதை நிறுத்திவிடுகிறோம்.

பேயைக் காட்ட வேண்டுமா, காட்டக் கூடாதா?

இதற்கு எல்லோரும் சொல்லும் பதில் "காட்டாமல் இருப்பதுதான் பயம்" என்பது. பாதி உண்மைதான். 1975-இல் வெளிவந்த 'ஜாஸ்' படத்தை எடுத்தபோது இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிக்கொண்டே இருந்தது, இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதைக் காட்டாமல் சமாளிக்க வேண்டியிருந்தது. நீர்மட்டத்தில் கேமரா, ஜான் வில்லியம்சின் இரண்டு சுர இசை, தண்ணீரில் இழுபட்டுப் போகும் மஞ்சள் பீப்பாய்கள், சுறாவுக்குப் பதிலாக இவைதான் வந்தன. பீப்பாய் மேலே வந்தாலே வயிற்றைப் பிசைகிறது. சுறா ஒழுங்காக வேலை செய்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

1963-இல் ராபர்ட் வைஸ் எடுத்த 'தி ஹாண்டிங்' படத்தில் பேய் ஒரு இடத்தில்கூடக் கண்ணுக்குத் தெரியாது. கதவு இருக்கிறது. அந்தப் பக்கம் எதுவோ அழுத்துவது போல் மரக்கதவு மெதுவாக உள்நோக்கி வளைகிறது. அதே படத்தில் ஒருத்தி இருட்டில் தோழியின் கையை இறுகப் பிடித்தபடி படுத்திருக்கிறாள், விளக்கு எரிந்ததும் பார்த்தால் தோழி அறையின் மறுபக்கத்தில் இருக்கிறாள். அவள் கேட்கும் ஒரே கேள்வி, அப்படியானால் நான் பிடித்திருந்தது யார் கையை என்பது. கறுப்பு வெள்ளைப் படம், பொட்டு ரத்தம் கிடையாது, அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு போர்வைக்கு வெளியே கை வைக்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஆனால் காட்டியும் கொல்லலாம். ஜப்பானிய இயக்குநர் கியோஷி குரோசாவாவின் 'கைரோ'வில் (2001) ஒரு பெண் உருவம் வெளிச்சமாகவே தெரிகிறது, ஒரு மனிதனை நோக்கி நடந்து வருகிறது. வேகம் இல்லை, திடீர் கட் இல்லை. நடுவில் ஒருமுறை கால் தடுமாறுவது போல உடம்பு வளைகிறது, நிமிர்கிறது, மறுபடி நடக்கிறது. இவ்வளவுதான். மனித உடம்பு அப்படி வளையாது என்று நமக்குத் தெரியும், எது தப்பாக இருக்கிறது என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. ஹிடியோ நகாட்டாவின் 'ரிங்கு'வில் (1998) வரும் பேயான சடாகோவின் நடை வந்ததும் இதே வழியில்தான்: நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து அதைத் திருப்பி ஓட்டினார்கள். முன்னால் வருகிற மாதிரிதான் தெரியும், ஆனால் எடை விழும் இடமெல்லாம் மாறியிருக்கும்.

ஆக, காட்டினாலும் காட்டாவிட்டாலும், பார்ப்பவரின் கண்ணுக்கு வேலை மிச்சம் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் பேய் வாயைப் பிளந்துகொண்டு முகத்துக்கு நேரே வந்து கத்தும்போது நமக்குத் தேட என்ன மிச்சம் இருக்கிறது?

ரத்தம் நிறைய இருந்தால் பயம் அதிகமாகுமா?

அருவருப்பு அதிகமாகும். அது வேறு உணர்ச்சி, அதை விரும்பிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' (1974) பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ரத்த வெள்ளமாக இருந்தது என்பார்கள். மறுபடி ஓட்டிப் பார்த்தால் திரையில் ரத்தம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. மிச்சத்தை அவர்களே போட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

சத்தத்தை மியூட் செய்தால் எந்தப் பேய்ப் படமும் பயமாக இல்லையே, ஏன்?

பாதிப் படம் காதில்தான் நடக்கிறது, அதனால்தான். ஜான் கார்பென்டர் 'ஹாலோவீன்' (1978) படத்தை இசை சேர்க்காமல் ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவருக்குப் பயமே வரவில்லையாம். அதன் பிறகு கார்பென்டரே இசையமைத்தார். எளிமையான பியானோ மெட்டு, ஆனால் ஐந்து எண்ணிக்கைத் தாளம். நாலு எண்ணிக்கைக்குப் பழகிய காதுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அடி கூடுதலாக வந்து இடிக்கும், எங்கேயும் ஓய்வெடுக்க விடாது.

'சைக்கோ'வின் (1960) குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதைக் கேட்காமல் வயலின்களைக் கிறீச்சிட வைத்து எழுதிக்கொண்டு வந்தார், கேட்டதும் ஹிட்ச்காக் மனம் மாறிவிட்டார். அந்தக் கிறீச் ஏன் அப்படிக் குத்துகிறது என்பதற்கு உயிரியலில் ஒரு நல்ல விளக்கம் உண்டு. மர்மோட் என்னும் மலை அணில் வகையை ஆராய்ந்த டேனியல் புளும்ஸ்டீன், உயிருக்குப் பயந்து கத்தும் குட்டிகளின் குரலில் ஒரு பிசிறல் இருப்பதைக் கவனித்தார். குரல்நாண் தாங்கும் எல்லையைத் தாண்டும்போது வரும் கரகரப்பு அது. 2010-இல் அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் திரைப்பட ஒலிகளைச் சோதித்தபோது திகில் படங்களிலும் அதே மாதிரிப் பிசிறிய ஒலிகள் இருப்பதைக் கண்டார்கள். நம் காது அதை "எங்கேயோ ஒரு குட்டி சாகப்போகிறது" என்றே கேட்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது இசை இல்லாத சத்தம். 'தி ஷைனிங்' (1980) படத்தில் சிறுவன் ஆளில்லாத ஹோட்டல் தாழ்வாரங்களில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிறான். தரையில் போகும்போது கடகடவென்று சத்தம், கம்பளத்தின் மேல் ஏறியதும் அடங்கிவிடும், மறுபடி தரை, மறுபடி கம்பளம். தரையை ஒட்டினாற்போல் தாழ்வாக ஸ்டெடிகேம் (கேமராவை ஆடாமல் நகர்த்த உதவும் கருவி) பின்னாலேயே போகிறது. அடுத்த திருப்பத்தில் யாரும் இல்லை, அதற்கடுத்த திருப்பத்திலும் யாரும் இல்லை. அந்தச் சத்தம் வரும்போதும் பயம், நிற்கும்போது இன்னும் பயம்.

சில படங்களில் பேயே பெரிதாக வராது, ஆனால் ஒரு வாரத்துக்கு மனதை விட்டுப் போகாது. அது எப்படி?

அந்தப் படங்களில் பேய் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் ஏதோ உடைந்திருக்கும். ஜெனிஃபர் கென்ட்டின் 'தி பாபடூக்' (2014) படத்தில் கணவனை இழந்த ஒரு தாய், அடங்காத மகன், தூக்கமில்லாத இரவுகள். புத்தகத்திலிருந்து வரும் பூதத்தைவிட, இந்தத் தாய் தன் குழந்தையை என்ன செய்துவிடுவாளோ என்ற பயம்தான் பெரிது. அவளை நாம் வெறுக்கவும் முடியாது, அவள் எவ்வளவு களைத்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோமே.

நகாட்டாவின் 'டார்க் வாட்டர்' (2002) படத்தில் விவாகரத்து நடந்துகொண்டிருக்கும் ஒரு பெண், மகள் தன்னிடமிருந்து பறிபோய்விடுவாளோ என்று பயப்படுகிறாள், புது வீட்டின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது, கறை நாளுக்கு நாள் பெரிதாகிறது. மலையாளத்தில் 'பூதகாலம்' (2022) இதே வகை: மன அழுத்தத்தில் இருக்கும் அம்மா, வேலை கிடைக்காத மகன், ஒருவர் சொல்வதை ஒருவர் நம்பாத வீடு. ரேவதியும் ஷேன் நிகமும் சண்டை போடும் காட்சிகள் பேய் வரும் காட்சிகளுக்குக் கொஞ்சமும் குறைந்தவை இல்லை.

யார் செத்தாலும் கவலையில்லை என்ற மாதிரி ஐந்து கல்லூரி மாணவர்களைக் காட்டுக்குள் அனுப்பினால், யார் முதலில் என்று பந்தயம் கட்டத்தான் தோன்றும். ஒரே ஒரு ஆள் மேல் நமக்கு அக்கறை வந்துவிட்டால் போதும், அந்த ஆள் இருட்டில் ஒரு அடி வைத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கடைசியில் ஃப்ளாஷ்பேக் வந்து பேயின் கதையைச் சொன்னால் ஏன் சப்பென்று ஆகிவிடுகிறது?

காரணம் தெரிந்ததும் பேய் ஒரு வழக்கு மாதிரி ஆகிவிடுகிறது: அநியாயம் நடந்தது, குற்றவாளி இவன், தண்டனை கொடுத்தால் முடிந்தது. கேட்கக் கஷ்டமான கதையாக இருக்கலாம், அழுகைகூட வரலாம், ஆனால் பயம் அந்த இடத்தோடு கிளம்பிப் போய்விடும். விளக்கமே கூடாது என்று சொல்லவில்லை. 'ரிங்கு' விளக்கம் சொல்லுகிற படம்தான், அதை வைத்து அது என்ன செய்கிறது என்பதைப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

"உண்மைச் சம்பவம்" என்று போட்டால் நம்பலாமா?

நம்ப வேண்டாம், ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்பது கவனிக்க வேண்டியது. 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' (1999) வந்தபோது அதில் நடித்தவர்கள் நிஜமாகவே காணாமல் போனவர்கள் என்று நம்ப வைத்து விளம்பரம் செய்தார்கள். இன்று எல்லோருக்கும் உண்மை தெரியும், இருந்தும் அந்தக் கடைசி நிமிடங்கள் உலுக்குகின்றன, ஏனென்றால் கேமராவைப் பிடித்திருக்கும் ஆளுக்கும் நம்மைப் போலவே எதுவும் தெரியவில்லை.

சரி, புதிதாகப் பார்க்கிறவன் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

'யாவரும் நலம்' (2009) நல்ல தொடக்கம். புது அடுக்ககத்துக்குக் குடிவரும் குடும்பம், வீட்டுப் பெண்கள் தினமும் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் தங்கள் குடும்பத்துக்கு நடப்பதே நடக்கிறது என்று மாதவன் கண்டுபிடிக்கிறார். அன்றாடம் கண்ணில் படும் ஒரு பொருளை எடுத்துப் பயமாக்கியிருப்பதால் பார்த்து முடித்த பிறகும் கூடவே வரும். அதற்கப்புறம் 'ஜாஸ்', பிறகு 'ஏலியன்' (1979). இந்த மூன்றிலும் கதை வேகமாக ஓடும், பொறுமை அதிகம் தேவைப்படாது.

அடுத்த படி 'ரிங்கு', 'தி ஷைனிங்', 'இட் ஃபாலோஸ்' (2014). கடைசியாகச் சொன்னதில் ஒரு உருவம் நடந்தே வருகிறது, ஓடுவதில்லை, நிற்பதும் இல்லை, அது யாருடைய தோற்றத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். கூட்டத்தில் தூரத்தில் யாராவது நேராக நடந்து வந்தாலே நீங்கள் இருக்கையின் நுனிக்கு வந்துவிடுவீர்கள். கண்ணைத் தேட வைப்பது என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது.

எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் கனமாக ஏதாவது?

'லேக் முங்கோ' (2008, ஆஸ்திரேலியா). இறந்துபோன பெண்ணைப் பற்றி அவள் குடும்பத்தார் பேட்டி கொடுக்கும் ஆவணப்படம் போலவே எடுக்கப்பட்ட கதை. மங்கலான புகைப்படங்களையும் வீடியோக்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டுவார்கள். பயத்தைவிடத் துக்கம் அதிகம், அதனால்தான் அந்த ஒரு கைபேசிக் காட்சி அப்படி அறைகிறது.

கியோஷி குரோசாவாவின் 'க்யூர்' (1997), ஆவியே இல்லாத படம், ஆனால் லைட்டர் சுடரைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கும். கொரியாவின் 'தி வெய்லிங்' (2016) இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், யாரை நம்புவது என்ற ஒரே கேள்வியைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகும். ஆரி ஆஸ்டரின் 'ஹெரெடிட்டரி' (2018) பார்க்கும்போது படுக்கையறைக் காட்சிகளில் மூலைகளையும் கூரையையும் கவனியுங்கள், இசை எதுவும் எச்சரிக்காது. சமீபத்தில் துக்க வீட்டைக் கடந்து வந்தவர்கள் 'ஹெரெடிட்டரி'யைத் தள்ளிப்போடுவது நல்லது, இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எப்படிப் பார்த்தால் நன்றாக இருக்கும்?

டிவியில் அசைவை மழமழப்பாக்கும் அமைப்பு ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லாப் படமும் சீரியல் மாதிரித் தெரியும். சத்தத்தைச் சமப்படுத்தும் 'நைட் மோட்' இருந்தால் அதையும் அணைக்க வேண்டும், ஏனென்றால் மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான் அது தின்றுவிடுகிறது. அக்கம்பக்கத்தை நினைத்தால் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளலாம். விளக்கை அணையுங்கள், இருட்டுக் காட்சியில் உங்கள் முகமே திரையில் பிரதிபலித்தால் ஒன்றும் தெரியாது.

டப்பிங் வேண்டாம், மூலக் குரலோடு சப்டைட்டில் வைத்துப் பாருங்கள். மூச்சு வாங்குவதும் குரல் உடைவதும்கூட நடிப்புதான். ட்ரெய்லர் பார்க்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கைபேசியை அடுத்த அறையில் வையுங்கள், ஒன்றும் நடக்காத காட்சியில்தான் கை அதைத் தேடும், படம் உங்களைப் பிடிக்கப் பார்ப்பதும் அந்தக் காட்சியில்தான்.

பாதியில் நிறுத்திவிட்டேன், மேலே பார்க்க முடியவில்லை. என்ன செய்வது?

நிறுத்தியதில் எந்தத் தப்பும் இல்லை, உங்களுக்குள் படம் வேலை செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் முடிந்தால் மறுநாள் பகலில் மீதியைப் பார்த்துவிடுங்கள். பாதியில் விட்ட படத்தின் மிச்சத்தை மனசு தானாகவே எழுதிக்கொள்ளும், அது பெரும்பாலும் இயக்குநர் எடுத்ததைவிட மோசமாக இருக்கும். சிறு பிள்ளைகள் எட்டிப் பார்த்துப் பயந்துவிட்டால் மட்டும் வற்புறுத்தி முடிக்க வைக்காதீர்கள், விளக்கைப் போட்டு, அந்த ஒப்பனையை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லிக்கொடுங்கள்.

'டார்க் வாட்டர்' படத்தை நானும் அப்படி நடுவில் நிறுத்தியவன்தான். மறுநாள் மத்தியானம் ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துவிட்டு மீதியைப் பார்த்தேன். அந்த லிஃப்ட் காட்சிக்கு வெளிச்சமெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை.